முயல் என்று சொன்னவள்

புலி வருஷத்துப் பெண் இருக்கிற வீட்டில் ஆண்பிள்ளை நிலைக்கமாட்டான் என்று பூங்காவனத்துக்கு முதன்முதலில் சொன்னது ரப்பர் தோட்டத்து மளிகைக்கடைச் சீனர் ஆ கியோங்கின் பெண்சாதி. அப்போது பூங்காவனத்துக்குப் பதினோரு வயது. தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை, நல்லெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். அந்த அம்மாள் போத்தலில் புனலைச் சொருகிக்கொண்டே, ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் மலாயில் சொன்னாள். நீ புலி, தெரியுமா, உன்னைப் பெற்றவள் அதனால்தான் உன்னை அந்தத் தமிழர்களிடம் கொடுத்தாள், புலிப் பெண் தகப்பனைத் தின்னும், இல்லாவிட்டால் புருஷனைத் தின்னும், உன்மேல் தப்பில்லை, வருஷம் அப்படி. சொல்லிவிட்டு, போத்தல் வாயில் வழிந்த எண்ணெயை ஒரு விரலால் வழித்துத் தன் தலையிலேயே தடவிக்கொண்டாள். எத்தனையோ மறந்துபோயிற்று, அந்த விரல் மறக்கவில்லை. இதோ ஐம்பத்தொரு வருஷம் கழித்து, தைப்பிங்கில் மகன் வாங்கியிருக்கும் புது வீட்டின் மாடி அறையில், மடிப்புக் கலையாத சிவப்பு விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும்போதும், கண்ணுக்கு முன்னால் படுக்கை தெரியவில்லை, அந்த விரல்தான் தெரிகிறது.

படுக்கை என்றால் சாதாரணப் படுக்கை இல்லை. நாலு பேர் படுக்கலாம். மெத்தைமேல் பிளாஸ்டிக் உறை உரித்த வாசனை இன்னும் போகவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கிறது. மகன் கிருபாகரனுக்குப் பார்த்த பெண், பார்த்தது என்ன, அவனே பார்த்துக்கொண்ட பெண், சூ யீ, சீனப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து மணமக்களின் படுக்கையை விரித்துவைக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. கண்டவர்களும் விரிக்கக்கூடாது. விரிக்கிறவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்கவேண்டும், ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் இருக்கவேண்டும், சண்டை சச்சரவு இல்லாத குடும்பமாக இருக்கவேண்டும். ஒரே வீச்சில், சுருக்கம் விழாமல் விரிக்கவேண்டும். சம்பந்தியம்மாள் கோவுக்குப் புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதனால் அந்த அம்மாள் அறைக்குள் காலே வைக்கவில்லை, வாசற்படிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கால்கட்டைவிரல் நுனிகூடப் படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறாள். வேறு ஒரு விதியும் உண்டு. புலி வருஷத்தில் பிறந்தவர்கள் விரிக்கிறது கிடக்கட்டும், இந்த அறையை எட்டியே பார்க்கக்கூடாது. பார்த்தால் பிறக்கப்போகிற குழந்தைக்கு ஆகாது, மாப்பிள்ளைக்கு ஆகாது. அதையும் கோ அம்மாள்தான் சொன்னாள், போன மாதம், வேர்க்கடலை உரித்துக்கொண்டே. என் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி புலி, விருந்துக்கு வா, மாடிக்கு மட்டும் ஏறாதே என்று நேராகவே சொல்லிவிட்டேன், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை என்றாள். பூங்காவனம் அப்போது என்ன செய்தாள்? தானும் ஒரு கடலையை எடுத்து உரித்தாள். அதற்குள் பருப்பில்லை.

"அக்கா, என்ன அப்படியே நிக்கிறீங்க? மணி பத்தேகால். பதினொண்ணுக்குள்ள முடிக்கணும்." கோ அம்மாள் பாசார் சந்தையில் முப்பது வருஷம் தோஃபு விற்றவள், தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், தன்னைவிட இளையவளானாலும். மற்றபடி இருவருக்கும் பொதுவாக இருப்பது சந்தை மலாய்தான். "சாமி கும்பிடுறேன் கோ அம்மா" என்றாள் பூங்காவனம். "கும்பிடுங்க, நல்லாக் கும்பிடுங்க. உங்க சாமி எங்க சாமி எல்லாரையும் கூப்பிடுங்க. கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லுங்க, அவங்களுக்கும் மணி தெரியணும் இல்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். சரவணபவ, சரவணபவ. உதடுதான் சொல்கிறது. உள்ளே வேறு ஒன்று ஓடுகிறது. ஆத்தா, இந்தத் துணியை என் கையிலிருந்து யாராவது பிடுங்கிக்கொள்ளட்டும், கரண்டு போகட்டும், மழை வந்து கூரை ஒழுகட்டும், இல்லை இல்லை, புதுவீட்டுக் கூரையைப் போய் அப்படிச் சொல்லலாமா, வேண்டாம், ஒன்றும் ஒழுகவேண்டாம். பார்த்தாயா, நினைக்கிறது எல்லாம் கெட்டதாகவே வருகிறது. ஆ கியோங் பெண்சாதி சொன்னது இதைத்தானோ. தின்ன வேண்டும் என்று நினைத்துத் தின்கிறதில்லையாம் புலி, அதுபாட்டுக்குப் பக்கத்தில் நின்றாலே போதுமாம்.

முயல் என்று சொல்லியிருக்கவேண்டாம். அந்த ஒரு வார்த்தையில் வந்த வினைதான் எல்லாம். முதல் நாள், பெண் வீட்டாரைப் பார்க்கப் போனபோது, வட்டமேசையில் மீன் வந்து பாதி தின்று முடிந்த நேரத்தில் கோ அம்மாள் கேட்டாள், நீங்கள் பிறந்த வருஷம் என்ன மிருகம் என்று. அவர்களுக்கு அது ஊர் கேட்கிற மாதிரி, பேர் கேட்கிற மாதிரி. சூ யீ தலையில் அடித்துக்கொண்டாள், ஐயோ அம்மா, அத்தையைப் பார்த்து முதல் கேள்வியா இது. பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் கோ அம்மாள் கேட்டிருப்பாள். முகம் சீன முகமாயிற்றே. நெற்றியில் குங்குமம், மூக்கில் மூக்குத்தி, கட்டியிருப்பது புடவை, வாயில் தமிழ், முகம் மட்டும் அவர்களுடையது. சீனர் கடைக்குப் போனால் ஹொக்கியன் சீனத்தில் பேசுவார்கள், இவள் மலாயில் பதில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கோயிலுக்குப் போனால் புதிதாக வந்த குருக்கள், வேடிக்கை பார்க்க வந்தவளோ என்று விபூதித் தட்டை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் நீட்டுவார். பால்குடம் எடுத்து நாற்பது வருஷம். ஆனாலும் அந்த ஒரு கணம் உண்டு. மேசையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கிருபா சிரித்த முகமாகப் பார்த்தான். முயல் என்றாள். பொய் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது, அறுபத்து மூணு, ஜனவரி ஒன்பது, அந்த வருஷம் முயல் வருஷம்தானே. கோ அம்மாள் கையைத் தட்டினாள். முயல் சாது, முயல் நல்லது, எங்கள் சூ யீக்கு முயல் மாமியார் கிடைத்தாள் என்று இன்னொரு துண்டு மீனை, கன்னத்துச் சதையை, எடுத்து இவள் தட்டில் வைத்தாள். சைவம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. தின்றாள்.

அப்பா வீராசாமி கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத மனுஷன். ரப்பர் பால்மரம் வெட்டிய காலம்போக மீதிக் காலமெல்லாம் பால்லாரியில் ஏறி இறங்கினவர். அம்மா ரெங்கம்மாவுக்கு மூன்று பிள்ளை தங்கவில்லை. தோட்டத்தை அடுத்து, வெள்ளைக்காரன் காலத்தில் சீனர்களைக் கொண்டுவந்து கம்பிவேலிக்குள் வைத்த புதுக்கிராமம் இருந்தது. அங்கேயிருந்துதான் ஒருநாள் காலையில் ஒரு சீனத்தி வந்தாள், சிவப்புத் துணியில் சுற்றின குழந்தையும் இரண்டு ஆரஞ்சுப்பழமும் ஒரு டின் பாலுமாக. ஐந்தாவது பெண்ணாம், அதிலும் புலியாம். வீட்டுக்காரனுக்கு ஏற்கெனவே இருமல், இனிமேல் இதையும் வைத்துக்கொண்டால் மாசம் தாண்டமாட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ரெங்கம்மா கையை நீட்டினாள். அவ்வளவுதான். அந்தச் சீனத்தி திரும்பிப் பார்க்காமல் போனாள் என்று அம்மா சொல்வாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றும் அம்மாவே சொல்வாள். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கலவரம். ஆ கியோங்கைக் கேட்டாராம், தவுக்கே, முதலாளி, இந்தப் புலி விஷயம் மெய்தானா என்று. அவன், எழுதும்போது அடுத்த வருஷம் என்று எழுதிவிடு, முயல் ஆகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றானாம். அப்பா வருஷம் பிறக்கிறவரை பொறுத்திருந்து, ஜனவரி பிறந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி முன்னால் போய் நின்று, ஒன்பதாம் தேதி பிறந்தது சாமி என்று எழுதவைத்துவிட்டார். நாலு மாதக் குழந்தையைப் பச்சைக்குழந்தை என்று. கிராணி எட்டிப் பார்த்து, என்னடா பிறந்த குழந்தை இப்படிச் சிரிக்குது என்று கேட்டதையும், அப்பா, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சாமி என்றதையும் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் கூடச் சிரிப்பார். அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் அவர் போனார். ஆ கியோங் பெண்சாதி அதைச் சொன்ன தீபாவளி போய், மாசி மாதம், மழைச்சேற்றில் லாரி சறுக்கி. கொண்டுவந்து லயத்து வாசலில் கிடத்தியபோது பூங்காவனம் கிட்டே போகவில்லை. எல்லாரும், பிள்ளை பயந்துபோச்சு என்றார்கள். பயந்தது மெய்தான். சவத்தைக் கண்டு பயப்படவில்லை, தன் வாயைக் கண்டு பயந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, ரெங்கம்மா அழுத கண்ணோடு, அட போடி பைத்தியமே, நம்ம ஆத்தா எது மேலடி உட்கார்ந்திருக்கா, புலி மேலதானே என்றாள். அது சரி. ஆத்தா உட்காரலாம். மற்றவர்கள் உட்காரலாமா?

கீழே இருமல் கேட்டது. அவர்தான். நல்லது, இருமட்டும். தர்மலிங்கம் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுக்குழாயில் அடைப்புக்கு வலை வைத்தார்கள், அதிலிருந்து சாப்பிடுகிற மாத்திரையால் இருமல். மற்ற பெண்சாதிகள் இருமல் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் இருமலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு இருமலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நேரம் நீண்டால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பாள். அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலேயே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள். அவர் கேட்டுக்கொண்டு, அப்படியா, சாப்பாட்டுக்கு என்னவெல்லாம் வேணும் உனக்கு என்றார். முப்பத்தெட்டு வருஷமாக அதே கேலிதான். புலியோட குடித்தனம் பண்றேன், இன்னும் என்னை முழுசாத் தின்னு முடிக்க முடியலையே உன்னால, பல்லு போயிடுச்சா? ஆஸ்பத்திரியில் டிராலியில் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அவள் காதில், வலது பக்கம் கொஞ்சம் மிச்சம் வைடி என்றார். நர்ஸ் என்ன என்று கேட்டாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிறவர்களைத்தான் அது முதலில் எடுக்கும் என்று, அப்பாவை நினைத்து, அங்கேயே நின்று உள்ளங்கையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆண்பிள்ளை நிலைக்கமாட்டான் என்றாளே அந்தக் கடைக்காரி. முதல் பிள்ளை ஆண். முகம்கூடக் காட்டவில்லை, துணியில் மூடிக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு சத்யவாணி, அவள் பெண், பயமில்லை, இன்றைக்கு ஜோகூரில் இரண்டு குழந்தைகளோடு நன்றாக இருக்கிறாள். அதற்குப் பிறகு கிருபா, ஏழு மாதத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பூங்காவனம் ஒரு பிரார்த்தனை செய்துகொண்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. ஆத்தா, இவனைக் கொடுத்துவிடு, நான் இவனுக்குப் படுக்கை போடமாட்டேன். என்ன வேண்டுதல் அது, ஏன் அப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஏதோ கதையில் புலி வந்து பாயில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிப்போகும், அதனாலோ என்னமோ. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கிருபாவுக்கு அவள் பாய் விரித்ததில்லை. தொட்டில் கட்டினது அவர். கட்டில் வந்த பிறகு போர்வை மாற்றினது சத்யவாணி. விடுதிக்குப் படிக்கப் போனபோது தலையணை உறைகளை அவனே மாட்டிக்கொண்டான். அம்மா, எல்லா வேலையும் செய்றே, என் படுக்கையை மட்டும் தொடமாட்டேங்கிறியே, நாத்தமா அடிக்குது என்று ஒரு தடவை கேட்டான், பதினாலு வயதில். ஆமாம்டா, நாற்றம்தான் என்றாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. போகட்டும், முகம் சுருங்கினால் பரவாயில்லை, மூச்சு இருக்கிறதே. இன்றைக்கு அவன் ரயில்வேயில் மின்சாரக் கம்பி பார்க்கிற வேலையில் இருக்கிறான், தலைக்கு மேலே ஓடுகிற கம்பி, தொட்டால் எலும்பு மிஞ்சாது என்று அவனே பெருமையாகச் சொல்வான். இந்நேரம் எந்தக் கம்பத்தில் ஏறி நிற்கிறானோ. முப்பது வருஷம் தொடாத படுக்கை. அதையே இன்றைக்குப் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, விரி விரி என்கிறார்கள்.

சூ யீயிடமாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. கையுறைத் தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தில் வேலை, எதையும் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வாள். அத்தை, எங்கம்மாவோட மனசுக்காகத்தான், விரிச்சுட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, போதும் என்றாள் நேற்று. கிருபாவும் கூடச் சேர்ந்து சிரித்தான். சீனாவிலேயே இப்போது யாரும் பிள்ளை பெற்றுக்கொள்ளமாட்டேன் என்கிறார்களாம், அரசாங்கம் கெஞ்சுகிறதாம், புலியோ எலியோ ஏதாவது ஒன்று பிறந்தால் சரி என்று. சிறுசுகளுக்கு எல்லாம் லேசு. லேசாகவே இருக்கட்டும், அதுவும் ஆத்தாள் கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பெண் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தை வாயில் வைக்கும் முன் அத்தை நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்கும். அதன் வயிற்றில் நாளைக்கு ஒன்று தங்கவேண்டும். துணியில் மூடிக் கொண்டுபோகிறார்களே, அந்த நடை, செருப்புச் சத்தமே இல்லாத அந்த நடை, அதை அந்தப் பெண் கேட்கக்கூடாது. ஆத்தா, ஆத்தா. விரிப்பை உதறு, விரித்துப் போடு, ஒரு நிமிஷ வேலை. நாகமும் பறவையும் தங்க நூலில் தைத்த துணி, கனமாக இருக்கிறது. இரண்டு முனையைப் பிடித்து வீசினாள். காற்று வாங்கி எழும்பி, எதிர்ப் பக்கம் போய்ச் சேராமல், நடு மெத்தையிலேயே மடிந்து விழுந்தது. குவியலாக, ஏதோ படுத்திருப்பதுபோல. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மடித்தாள். மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அது விரிச்ச கணக்கில்ல, அக்கா. பாதியில நின்னா கணக்கில்ல. மறுபடி போடுங்க" என்றாள் கோ அம்மாள் வாசலிலிருந்து. குரலில் சிரிப்பு இல்லை. "முன்னாடியெல்லாம் விரிச்ச பிறகு ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து மெத்தையில உருட்டுவோம். எங்க தெருவில கேட்டா அம்பது பிள்ளை வரும், மூக்கொழுகிக்கிட்டு. இப்ப இந்த வீட்டு வரிசை முழுக்கத் தேடினேன், ஒரு பிள்ளை இல்ல. நாய்தான் இருக்கு, சட்டை போட்ட நாய்." படுக்கையோரத்தில் சிவப்புத் தட்டில் பேரீச்சை, தாமரை விதை, வேர்க்கடலை. கடலையைப் பார்த்ததும் போன மாதத்துப் பொக்குக் கடலை ஞாபகம் வந்தது. மணி பத்தரைக்கு மேல். கீழே சத்தமில்லை. எப்போது கடைசியாக இருமினார்? பாதி விரிப்பு வீசினபோதா, அதற்கு முன்னாலா? பேப்பர் திருப்புகிற சத்தம்கூட இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், இருபது வரை வந்தது, நாற்பது வரை வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவள்தான் விரிக்கலாம். இந்த நொடியில் உயிரோடு இருக்கிறாரா? இல்லாவிட்டால் நான் யார், இந்த அறையில் என்ன செய்கிறேன், இரண்டு தோஷமும் சேர்ந்த கையால் என் பிள்ளை படுக்கையை... "என்னங்க!" கத்திவிட்டாள். தன் குரல் தனக்கே உறுமல்போலக் கேட்டது. "என்னங்க! கேக்குதா?" கோ அம்மாளும் எழுந்து மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "கேக்குது கேக்குது. பாத்ரூம் போகக்கூட விடமாட்டியா? தேத்தண்ணி வேணுமா ரெண்டு பேருக்கும்?" பிறகு இருமினார். பூங்காவனம் மெத்தைமேல் உட்காரப் பார்த்து, சட்டென்று நினைவு வந்து, தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"கோ அம்மா, நான் முயல் இல்ல."

சொல்லி முடித்ததும் அறை அப்படியே இருந்தது, அதுதான் ஆச்சரியம். மின்விசிறி சுற்றியது. கோ அம்மாள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "ஐசியில தப்பு. எங்கப்பா மாத்தி எழுதினாரு. நான் புலி. அதனாலதான் என்னைக் கொடுத்தாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மீன் சாப்பிட்ட அன்னிக்கு. கல்யாணத்தை நிறுத்தணும்னாலும் நிறுத்துங்க, பிள்ளைங்ககிட்ட நானே சொல்றேன். ஆனா இதை என்னால விரிக்க முடியாது." கோ அம்மாள் "தெரியும்" என்றாள். "நாள் பாக்கிற கிழவர்கிட்ட ரெண்டு வீட்டு ஐசியும் கொடுத்தேன். உங்களோடதைப் பார்த்துட்டு, இந்த அம்மா புலியாச்சேன்னாரு. ஜனவரி ஒன்பது எப்படி முயல் ஆகும்? அந்த வருஷம் சீனப் பெருநாள் வந்ததே ஜனவரி கடைசியிலதான். அது வரைக்கும் புலி வருஷம்தான் அக்கா. உங்கப்பா இன்னும் பதினாறு நாள் பொறுத்திருந்தா முயல் ஆகியிருப்பீங்க." பூங்காவனம் அண்ணாந்து பார்த்தாள். பாவம் அப்பா. வெள்ளைக்காரன் வருஷம் ஒன்று, சீனன் வருஷம் ஒன்று, சித்திரையில் நமக்கு ஒன்று, மூன்று வருஷப்பிறப்பு உள்ள ஊரில் தப்பான வருஷப்பிறப்பை நம்பிக் கிராணி முன்னால் கைகட்டி நின்ற மனுஷன். எழுதினது எழுதினபடி அறுபத்தொரு வருஷம் அவள் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது புலி, பிளாஸ்டிக் உறை போட்டு.

"தெரிஞ்சா ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "வேற யாரு இருக்கா?" கோ அம்மாளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. "என் அண்ணி புருஷனை விட்டுட்டா. என் நாத்தனாருக்கு மகன் ஒருத்தன், மகள் கிடையாது. சின்ன நாத்தனார் ஆஸ்திரேலியாவில, பிள்ளையே வேணாமாம். ஆணும் பெண்ணும் பெத்து, புருஷனும் இருமிக்கிட்டு இருக்கிறவ இந்தக் காலத்தில எங்க கிடைப்பா? கிழவர் சொன்னப்ப, உங்க கண்ணாடியை மாத்துங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா பயம் எனக்கு. காலையிலேருந்து இங்க உக்காந்து உங்க கையைத்தான் பாக்கிறேன். இந்த அக்கா வாயைத் திறந்து சொல்லிடக்கூடாதுன்னு. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியாத மாதிரி. இப்ப சொல்லிட்டீங்க." சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பூங்காவனமும் பார்த்தாள், பத்தே முக்கால். "எங்க வீட்டிலயும் ஒரு புலி பிறந்தா, அக்கா. எனக்குத் தங்கச்சி. எனக்கு நாலு வயசு. அவளைப் பினாங்கில கன்னியாஸ்திரிங்ககிட்ட எங்கம்மா விட்டுட்டு வந்தாங்க. அங்கேயே காய்ச்சல்ல போயிட்டாளாம். அப்பாவுக்கு ஆகாதுன்னுதானே கொடுத்தாங்க? அடுத்த வருஷமே அப்பா செத்துட்டாரு. வீட்டில புலியே இல்ல. அப்பவும் செத்துட்டாரு. எங்கம்மா அதுக்கப்புறம் நாப்பது வருஷம் இருந்தாங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல. கேட்டிருந்தா அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?" மூக்கை உறிஞ்சினாள். "நானும்தான் பயந்துக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கேன் பாருங்க. புருஷன் இல்லாதவ படியைத் தாண்டினா என் பொண்ணுக்கு ஆகாதுன்னு. உங்க ஆளுங்களும் அப்படித்தானே சொல்வாங்க?" சொல்வார்கள். பூங்காவனமே சொல்லியிருக்கிறாள், பக்கத்துவீட்டு இந்திராணியிடம், சத்யவாணி கல்யாணத்தில், நயமாகத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று. இந்திராணி தள்ளி நின்றாள். அந்த முகம் இப்போது வந்து இந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள். போகவில்லை. வயிற்றில் அதே இடத்தில் சுருண்டு கிடக்கிறது. கம்பத்தில் கிருபா, கீழே இருமல், துணியில் மூடிய நடை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. மணி பதினொன்று அடித்துவிட்டால் இந்தப் படுக்கை விரிக்காமலே கிடக்கும். அந்தப் பெண் வந்து வெற்று மெத்தையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை அத்தை என்று தானே விரித்துக்கொள்ளும், கிருபா விடுதியில் தானே மாட்டிக்கொண்டதுபோல. நாற்றமா என்று அவன் கேட்ட குரல். முப்பது வருஷம் அவனுக்கு விரிக்காமல் இருந்தேனே ஆத்தா, அவன் உயிரோடு இருப்பது அதனாலா, அல்லது அது இல்லாமலும் இருந்திருப்பானா? கேட்டால் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது? எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. விரிப்பின் மடிப்பைப் பிரித்தாள், ஒரு முனையை வலது கையில் சுற்றிக்கொண்டாள், மற்றதை எதிர்ப் பக்கம் தள்ளினாள், அது பாதியில் நின்றது. கோ அம்மாள் படிக்கு வெளியே எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கால் நுனி மட்டும் இன்னும் படியைத் தாண்டவில்லை. கீழே அவர் இருமினார். மணி பத்தே ஐம்பத்து நாலு.

"மெத்தை பெருசு, கோ அம்மா. ஒருத்தியா விரிச்சா சுருக்கம் விழுது" என்றாள் பூங்காவனம். "உள்ள வந்து அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."